ஃபிர்மேனின் மூக்கு

ஜனவரி பதினேழாம் தேதி காலையில், பார்லி மூட்டைகள் அடுக்கிய மச்சிலிருந்து இறங்கும்போது ஒடில் கடைசி நாலு படிகளைக் காலால் தொடவே இல்லை. படியில் பனி உறைந்து கிடந்தது. அவளுடைய பின்மண்டை கல் தரையில் மோதிய சத்தம், முற்றத்தில் கார் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் பெனுவாவுக்கே கேட்டது. துர்னே நகரத்து ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்திருந்து, ஏழு தையல் போட்டு, "அதிர்ஷ்டக்காரி நீங்க" என்று சொல்லி அனுப்பிவைத்தார்கள்.

வீட்டுக்கு வந்த மறுநாள் பெனுவா காபி போட்டுக் கொடுத்தான். வாயில் சூடு இருந்தது, கசப்பு இருந்தது. காபி இல்லை. ஒடில் கோப்பையை மூக்கருகே கொண்டுபோனாள். ஆவி முகத்தில் பட்டது, அவ்வளவுதான். வெங்காயத்தை நறுக்கிப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்ததே தவிர வாடை வரவில்லை. அடுத்த அறை வரைக்கும் நாறும் என்று பெனுவா திட்டுகிற பாலாடைக்கட்டியை எடுத்து மூக்கில் ஒட்டவைத்தாள். மெழுகுக் கட்டி மாதிரி இருந்தது.

சால்வையைப் போர்த்திக்கொண்டு முற்றத்தைக் கடந்து கொட்டகைக்கு ஓடினாள். ஹாப்ஸ் பூ மூட்டையைப் பிரித்து முகத்தை உள்ளே புதைத்து, நெஞ்சு கொண்ட மட்டும் இழுத்தாள். காய்ந்த இதழ்கள் கன்னத்தில் குத்தின. பெனுவா பின்னாலேயே வந்து நின்றான். அவள் மூட்டையிலிருந்து தலையை எடுத்தபோது முகமெல்லாம் மஞ்சள் தூள். "ஒண்ணுமே இல்ல, பெனுவா" என்றாள். "சுவரை மோந்து பாக்குற மாதிரி இருக்கு."

விழுந்த வேகத்தில் மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பிழைகள் அறுந்திருக்கலாம் என்றார் மருத்துவர். "ஒரு வருஷம் பொறுங்க, மதாம். சிலருக்குத் திரும்பி வரும். சிலருக்கு வராது. இதுக்கு மாத்திரை கிடையாது." பிறகு ஒப்புக்குக் கேட்டார்: "என்ன தொழில் பண்றீங்க?"

ஒடில் பெனுவாவைப் பார்த்தாள். பெனுவாதான் சொன்னான். மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அவள் பதினோரு வருஷமாகப் புருஷன் வீட்டுப் பண்ணையில் பியர் காய்ச்சிக்கொண்டிருந்தாள். வயலில் விளைந்த பார்லி, பியருக்குக் கசப்பும் மணமும் தர வேலியோரம் கம்பம் நட்டு ஏற்றிய ஹாப்ஸ் கொடி, கிணற்றுத் தண்ணீர் எல்லாமே அங்கேயே கிடைத்தது. மூன்றே வகைதான். குளிர்காலத்துக்கு ஒரு கறுப்புப் பியர்: ஓரம் கருகிய ரொட்டியும் உலர்ந்த பிளம்ஸும் அதிமதுரமும் கலந்து, குடித்து வெகுநேரம் கழித்தும் தொண்டையில் கதகதப்பாக நிற்கும். ஸ்பெல்ட் கோதுமையில் ஒன்று: புளித்த மாவின் மென்மையும், பழுத்த வாழைப்பழத்தின் சாயலும் உள்ளது. மூன்றாவது செசோன், அவள் பெயரை ஊருக்கு வெளியே கொண்டுபோனது. அறுவடை ஆட்களுக்கென்று பின்பனிக் காலத்திலேயே காய்ச்சிவைக்கிற வைக்கோல் நிறப் பியர். முதல் வாயில் எலுமிச்சைத் தோலின் சுருக்கென்ற வாசம். அடுத்து மிளகைக் கடித்தது போல ஒரு காரம். அதன் பின்னால், வெயிலில் காய்ந்த புல்லின் மணம். விழுங்கியபின் ஒரு துளி இனிப்புகூட மிஞ்சாது. நாக்கு காய்ந்து, தானாகவே அடுத்த வாய் கேட்கும். மே மாதக் கடைசி ஞாயிறு, ஊர்த் திருவிழா அன்று, அந்த வருஷத்துச் செசோனை ஒடில்தான் முதல் பீப்பாய் திறந்து ஊற்றுவாள்.

இப்போது அந்த மூன்றுமே அவளுக்கு ஒன்றுதான். நுரைக்கிற கசப்புத் தண்ணீர்.

"யாருகிட்டயும் சொல்லாத" என்று பெனுவாவிடம் கேட்டுக்கொண்டாள். "குறிப்பா ஃபிர்மேன்கிட்ட."

ஃபிர்மேன் பெனுவாவின் அண்ணன். கல்யாணம் ஆகாதவன், ஐம்பத்தெட்டு வயது, நாற்பது பசு மாடு. அப்பா சொத்தைப் பிரித்தபோது வீடு தம்பிக்கும் கொட்டகை அண்ணனுக்குமாக வந்தது. அந்தக் கொட்டகையைத்தான் பெனுவா வாய் வார்த்தையாகக் கேட்டு வாங்கி ஒடிலுக்கு பியர் காய்ச்சக் கொடுத்திருந்தான். அந்த வாக்கின் தவணை இந்த வருஷத்தோடு முடிகிறது. கன்றுகளைக் கட்ட இடம் போதவில்லை, கொட்டகை வேண்டும் என்று போன வருஷமே ஃபிர்மேன் சொல்லிவிட்டான். ஒடில் கெஞ்சியதற்கு, "திருவிழா முடியட்டும், பேசலாம்" என்றான். அவன் அதற்குமேல் இளகி யாரும் பார்த்ததில்லை.

பிப்ரவரியில் ஒரு காரியம் நடந்தது. விழுவதற்கு முன்னால் காய்ச்சிய கறுப்புப் பியர் தொட்டியில் அடங்கிக்கொண்டிருந்தது. ஒடில் ஒரு கிளாஸ் பிடித்துப் பெனுவாவிடம் நீட்டினாள்.

"எப்படி இருக்கு? உள்ளத சொல்லு."

அவன் பள்ளிக்கூட வாத்தியார். பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்துகிற மாதிரி யோசித்து யோசித்துக் குடித்தான். "நல்லாத்தான் இருக்கு... லேசா வெண்ணெய் வாடை அடிக்குதோ?"

வெண்ணெய் வாடை ஒன்றும் பெரிய குற்றமில்லை. ஈஸ்ட் தன் வேலையை முடிக்க இன்னும் ஒரு வாரம் விட்டால் தானாகவே போய்விடும். பதினோரு வருஷத்தில் பத்துத் தடவையாவது ஒடில் அப்படி விட்டிருக்கிறாள். ஆனால் அன்று அவள் முகம் வெளுத்துவிட்டது. "கெட்டுப்போச்சு, கெட்டுப்போச்சு" என்று சொல்லிக்கொண்டே போய்த் தொட்டியின் அடிக்குழாயைத் திறந்துவிட்டாள். பெனுவா அவள் கையைப் பிடித்தான். அவள் உதறிக்கொண்டாள். ஒரு குளிர்காலத்துப் பியர் முழுக்கச் சாக்கடையில் ஓடியது. அவள் ஈரத் தரையில் முழங்காலிட்டு உட்கார்ந்து, அந்தக் கறுப்பு நுரையைக் கையால் அள்ளி அள்ளி மோந்துகொண்டிருந்தாள்.

அன்றைக்குப் பெனுவா ஒரு முடிவுக்கு வந்தான். அதை அவளிடம் சொல்லவில்லை.

மார்ச் முதல் வாரம் செசோன் காய்ச்ச வேண்டிய நாள் வந்தது. ஒடில் பழைய நோட்டுப் புத்தகங்களை விரித்து வைத்துக்கொண்டு, வெப்பமானியைக் கண்ணெடுக்காமல் பார்த்து, கடிகாரத்தைப் பார்த்து, ஒரு மருந்துக்கடைக்காரி மாதிரி காய்ச்சினாள். முன்பெல்லாம் மூடியைத் திறந்ததும் முகத்தில் அடிக்கிற ஆவியிலேயே பார்லி எவ்வளவு இனிப்பை விட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். இப்போது ஆவி வெறும் ஆவி. எங்கே எது அழுகுகிறது, எது புளிக்கிறது என்று தெரியாத பயம் அவளைப் பிடித்து ஆட்டியது. அந்தப் பயத்தில் எல்லாவற்றையும் கழுவினாள். ஒரு தடவைக்கு மூன்று தடவை. தொட்டி, வாளி, மூடி, ரப்பர் குழாய் எல்லாம் பிளீச்சிங் தண்ணீரில் ஊறிக்கொண்டே இருந்தன. கைகள் சிவந்து தோல் உரிந்தது.

தினமும் பெனுவாவிடம் ஒரு கிளாஸ் நீட்டுவாள்.

"சொல்லு."

"அருமை."

"அருமைன்னா? மிளகு இருக்கா?"

"இருக்கு."

"எலுமிச்சை?"

"அதுவும் இருக்கு, ஒடில். எப்பவும் போலத்தான் இருக்கு. நீ கண்ண மூடிக்கிட்டுக் காய்ச்சினாலும் இப்படித்தான் வரும்."

அவள் அவன் தோளில் சாய்ந்துகொள்வாள். அவன் சட்டையிலோ கழுத்திலோ எந்த மணமும் வராது. பதினெட்டு வருஷம் பக்கத்தில் படுத்த ஆள், கண்ணை மூடினால் யாரோ ஒருவன்.

ஏப்ரல் நடுவில், புட்டியில் அடைத்து மூன்று வாரம் ஆன பிறகு, ஃபிர்மேன் வந்தான். காய்ச்சி வடித்த பார்லிச் சக்கையை மாட்டுக்கு அள்ளிக்கொண்டு போக டிராக்டரோடு வருவது அவன் வழக்கம். சக்கை இல்லாத நாளிலும் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு வந்து ஒரு புட்டியை உடைப்பான். அவனுடைய மூக்கு ஊரறிந்த மூக்கு. பசு வாயைத் திறந்து மூச்சு விட்டால் போதும், அதற்கு வயிற்றில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவான். மாட்டு டாக்டர் பிறகு வந்து அதையேதான் சொல்வார்.

கிளாஸில் ஊற்றி மூக்கருகே கொண்டுபோனவன் சட்டென்று தலையைப் பின்னால் இழுத்தான். ஒரு வாய் குடித்தான். பக்கத்திலிருந்த வாளியில் துப்பினான்.

"என்னடி இது, ஆஸ்பத்திரி நாத்தம்?"

ஒடிலின் கை தன்னையறியாமல் பின்மண்டைத் தழும்புக்குப் போனது. "என்ன சொன்ன?"

"காயத்துல கட்டுற துணி இருக்கே, மருந்து போட்டு வைக்கிறது, அந்த நாத்தம். இத மனுஷன் குடிப்பானா?"

"நான் ஆஸ்பத்திரியில கெடந்தத சொல்லிக் காட்டுறியா?"

"நான் எங்க அத சொன்னேன்? பியர சொல்றேன்."

"பியர இல்ல, கொட்டகைய சொல்ற. கன்னுக்குட்டி கட்ட எடம் வேணும் உனக்கு. அதுக்கு என் பியர் நாறணும். அப்படித்தானே?"

ஃபிர்மேன் கிளாஸை மேசையில் வைத்தான். "கன்னுக்குட்டிக்கு எடம் வேணுந்தான். அதுக்காகப் பொய் சொல்ல எனக்கு என்ன, நாக்கு அழுகிப் போச்சா? பெனுவாவ கூப்பிட்டுக் குடிக்கச் சொல்லு."

"அவரு தெனமும் குடிக்கிறாரு. அருமைங்கிறாரு."

"அருமையா?" ஃபிர்மேன் அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தான். "நீ என்ன சொல்ற?"

அவள் கிளாஸை எடுத்து, அவன் கண்ணெதிரே கடகடவென்று குடித்து முடித்து, கவிழ்த்துக் காட்டினாள். "போ வெளியே" என்றாள்.

கதவுவரை போனவன் திரும்பி, "மண்டையில அடிபட்டவ, அதனால பொறுத்துக்கிட்டுப் போறேன்" என்றான். அதை அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அன்று மாலை அவள் பெனுவாவை முன்னால் உட்காரவைத்துப் புதுப் புட்டி ஒன்றைத் திறந்தாள். "உங்கண்ணன் இதுல ஆஸ்பத்திரி நாத்தம் அடிக்குதுன்னான். குடிச்சுப் பாத்துச் சொல்லு. என் மேல சத்தியமா சொல்லு."

பெனுவா குடித்தான். அவன் கண்ணில் நீர் கட்டியதை அவள் வேறு விதமாக எடுத்துக்கொண்டாள். "அவனுக்குப் பொறாமை" என்றான் பெனுவா. "நல்லாருக்கு ஒடில். சத்தியமா."

திருவிழா அன்று நல்ல வெயில். தேவாலயத்துக்கு முன்னாலிருந்த சதுக்கத்தில் பித்தளை வாத்தியக்காரர்கள் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு ஊதிக்கொண்டிருந்தார்கள். மைதானத்து ஓரத்தில் உயரக் கம்பத்தின் உச்சியில் இறகால் செய்த பொம்மைப் பறவைகளைச் செருகி, வில்லாளிகள் அண்ணாந்து அம்பு விட்டுக்கொண்டிருந்தார்கள். உருளைக்கிழங்கு வறுக்கும் வண்டிக்கு முன்னால் வரிசை. அந்த எண்ணெய் வாடையும் ஒடிலுக்கு வரவில்லை. புகையை மட்டும் பார்த்தாள். நீள மேசைகளில் வெள்ளைத் துணி விரித்து, கிளாஸ்களைத் துடைத்து வைத்திருந்தாள். ஊர்த்தலைவர் நாலு வார்த்தை பேசினார். கைதட்டினார்கள். அவள் ஊற்றத் தொடங்கினாள்.

முதல் அரைமணி நேரம் கை ஓயவில்லை. அப்புறம் மெதுவாக ஒன்றைக் கவனித்தாள். யாரும் இரண்டாவது கிளாஸுக்கு வரவில்லை. தலை நிமிர்ந்து பார்த்தாள். மேசை நெடுகக் கிளாஸ்கள் நின்றன. ஒரு வாய் குறைந்தவை, இரண்டு வாய் குறைந்தவை. சன்னல் விளிம்பில், கிணற்றுச் சுவரில், தேவாலயப் படிக்கட்டில்கூட வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நுரை அடங்கி, வெயிலில் மஞ்சளாக மின்னிக்கொண்டு, நூற்றுக்கு மேல் கிளாஸ்கள்.

அவள் பக்கம் பார்வை வந்தால் எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர், "காலையில மாத்திரை போட்டுட்டேன், ஒடில், அதான்" என்றார். இன்னொருத்தி, "வெயில்ல குடிச்சா தலை சுத்துது" என்றாள். ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். சதுக்கத்தில் காபிக்கடை வைத்திருக்கும் நடீன், ஒடிலின் பியரைப் பத்து வருஷமாக விற்கிறவள், கையில் ஒரு கிளாஸோடு மேசைக்கு இந்தப் பக்கம் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"ஒடில், கோவிச்சுக்காத. இத நீ குடிச்சுப் பாத்தியா?"

"ஏன்?"

"பல் டாக்டர்கிட்ட வாய் கொப்பளிக்கக் குடுப்பாங்களே, அது மாதிரி இருக்கு. மொதல்ல என் கிளாஸ்தான் சரியாக் கழுவலயோன்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா எல்லாரும்..."

ஒடில் அந்தக் கிளாஸை அவள் கையிலிருந்து வாங்கிக் குடித்தாள். நுரை, கசப்பு. மறுபடி குடித்தாள். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. வாத்தியக்காரர்கள்கூட ஊதுவதை நிறுத்தியிருந்தார்கள், இல்லை அவளுக்குத்தான் காது அடைத்துவிட்டதோ. திரும்பிப் பெனுவாவைத் தேடினாள். பீப்பாய்க்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

வீட்டுக்குப் போகிற வழியில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். இரண்டு பக்கமும் சர்க்கரை பீட்ரூட் வயல்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"புட்டியில அடைச்ச அன்னிக்கே."

"சத்தியம் பண்ணினியே."

"பிப்ரவரியில ஒரு வார்த்தை சொன்னேன், ஒடில். வெண்ணெய்னு ஒரு வார்த்தை. நீ தரையில உக்காந்து அள்ளி அள்ளி... எனக்கு அத மறுபடி பாக்கத் தெம்பில்ல."

"அதுக்கு? ஊருக்கு முன்னால பாக்கத் தெம்பு இருந்துச்சா?"

"நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு..." அவன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். "ஒவ்வொரு நாளும் கஷ்டமாயிட்டே போச்சு."

"எனக்கு மூக்கு போச்சு. உன்னைத்தான் மூக்குன்னு நெனச்சேன். அதுவும் போச்சு." அவள் இறங்கி நடந்தாள். மூன்று கிலோமீட்டர். வண்டி பின்னாலேயே ஊர்ந்து வந்தது. அவள் ஏறவில்லை.

பிறகு ஒரு வாரம் அவள் அறையை விட்டு வரவில்லை. பெனுவா வாசலில் வைத்த தட்டுகளை அப்படியே எடுத்துக்கொண்டு போனான். அவளுக்குச் சாப்பாடு வேண்டியிருக்கவும் இல்லை. எல்லாம் ஈரமோ உலர்வோ, சூடோ குளிரோ, அவ்வளவுதான். எட்டாம் நாள் காலை எழுந்து போய்க் கொட்டகையில் அடுக்கியிருந்த புட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து வாளியில் கொட்ட ஆரம்பித்தாள். நடுவில் டிராக்டர் சத்தம் கேட்டது. ஃபிர்மேன் சாணக் கரைசல் இறைக்கும் பெரிய டாங்கியை இழுத்துக்கொண்டு வந்திருந்தான்.

"சாக்கடையில ஊத்தாத. ஓடையில மீன் செத்துப்போகும். இதுல ஊத்து, வயல்ல தெளிச்சுடறேன்" என்றான்.

அவள் புட்டியைத் திறந்துகொண்டே இருந்தாள். அவனும் சட்டைக் கையை மடித்துவிட்டுப் பக்கத்தில் நின்று திறக்கத் தொடங்கினான். டாங்கி பாதி நிறைந்தது.

"எனக்கு எதுவும் மணக்காது" என்றாள் ஒடில். "விழுந்ததுலேர்ந்து. ஜனவரியிலேர்ந்து."

ஃபிர்மேன் கையிலிருந்த புட்டியைக் கீழே வைத்தான். "எதுவுமேவா?"

"எதுவுமே."

"என் மாட்டுச் சாணம்?"

"அதுவும்தான்."

"அது ஒண்ணுதான் உனக்கு லாபம்" என்றான். சிரிக்கவில்லை. தலையைச் சொறிந்துகொண்டான். "மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? நான் பாட்டுக்கு மண்டை அது இதுன்னு..."

அப்புறம் அவன் ஒரு காரியம் செய்தான். தொட்டியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு சாமானாக எடுத்து மோந்து பார்த்துக்கொண்டே போனான். வாளி, மூடி, வடிகட்டி. அரிசிக்கடைக்கு வந்த ஆள் மாதிரி நிதானமாக. கடைசியில், தொட்டியிலிருந்து புட்டிக்கும் பீப்பாய்க்கும் பியர் பாயும் நீளமான ரப்பர் குழாயின் வாயை மூக்கில் வைத்தவன் இருமினான்.

"இந்தா இருக்கு. உன் பியரக் கொன்னது இதுதான். பிளீச்சிங் வாடை தூக்கி அடிக்குது. கழுவினியா, இல்லியா?"

"கழுவினேன். மூணு தடவ."

"அலசினியா?"

ஒடில் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிளீச்சிங் போட்டால் வாடை போகிறவரை அலச வேண்டும். எத்தனை வாளி என்று அவள் எப்போதும் எண்ணியதே கிடையாது. மூக்குதான் போதும் என்று சொல்லும். இந்த வருஷம் மூக்கு முதல் வாளியிலேயே போதும் என்று சொல்லிவிட்டது. அவள் பயந்து பயந்து ஊறவைத்த அத்தனையும் ரப்பருக்குள் இறங்கி, பியரில் கலந்திருக்கிறது. கெட்டுப்போகக் கூடாது என்று செய்ததுதான் கெடுத்திருக்கிறது.

அவள் அழவில்லை. "ஃபிர்மேன், நான் காய்ச்சும்போது நீ வந்து மோந்து பாப்பியா? ஒவ்வொரு தடவையும்?" என்று கேட்டாள். அவனிடம் இதைக் கேட்கிறோமே என்று காது மடல் எரிந்தது.

"எனக்கு நாப்பது மாடு இருக்கு."

"தெரியும்."

"நான் வாயில வந்ததச் சொல்லுவேன். பெனுவா மாதிரி இனிப்புத் தடவிச் சொல்ல வராது."

"அதுக்குத்தான் கேக்குறேன்."

அவன் கொட்டகையை மேலும் கீழும் பார்த்தான். "பாதி" என்றான். "கிழக்குப் பாதி எனக்கு. நடுவுல செங்கல் சுவர் வச்சுடலாம். கன்னுக்குட்டிங்க அந்தப் பக்கம், நீ இந்தப் பக்கம். சம்மதம்னா வரேன்."

பேரம் பேசுகிற நிலையில் அவள் இல்லை. ஜூலையில் சுவர் எழும்பியது. பீப்பாய் அடுக்கும் இடமும் போய், ஒரு தொட்டியையும் விற்றுவிட வேண்டியதாயிற்று. சுவருக்கு அப்பாலிருந்து பன்னிரண்டு கன்றுகள் நாள் முழுக்கக் கத்தின.

புதுக் குழாய் வாங்கி மறுபடி காய்ச்சினாள். ஃபிர்மேன் ரப்பர் பூட்ஸோடு வந்து நிற்பான். அவன் சொல்கிற மொழியை அவள்தான் பெயர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. "மழைக்கு முன்னால அவசரமா வாரிப் போட்ட வைக்கோல் மாதிரி" என்பான். இன்னும் நாலு நாள் பொறுக்கணும் என்று எழுதிக்கொள்வாள். "பால் குடிக்கிற கன்னுக்குட்டியோட வாய்" என்றால் வெண்ணெய் வாடை, விட்டுவிட்டால் போய்விடும். நடீன் கடைக்கு இரண்டு பெட்டி போனது. ஒன்று திரும்பி வந்தது. யாரும் திட்டவில்லை, வாங்கத்தான் ஆளில்லை. திருவிழாக் கதை அடுத்த நாலு ஊருக்கும் போயிருந்தது.

பெனுவா வீட்டில் வார்த்தையை அளந்து பேசினான். ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின் நடுவில் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஒண்ணு சொல்லணும். எனக்கு அந்த ஸ்பெல்ட் பியர் பிடிக்காது" என்றான்.

"என்னது?"

"எப்பவுமே பிடிச்சதில்ல. ஈரச் சாக்குப் பை மாதிரி இருக்கும்."

"பதினோரு வருஷமா குடிச்சியே!"

"பதினோரு வருஷமாத்தான்."

ஒடில் அவனை முறைத்தாள். பிறகு, ஜனவரிக்கப்புறம் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையாக மாறிவிட்டது. அவன் மேசையைச் சுற்றி வரவில்லை. அங்கேயே உட்கார்ந்து, அவள் அழுது முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அக்டோபர் மாதம் ஒரு காலை, முகம் கழுவிக்கொண்டிருந்தவள் சோப்பைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். மூக்கில் ஏதோ ஏறியது. மறுபடி மோந்தாள். மணம்! ஆனால் சோப்பு மணம் இல்லை. எரிந்த டயரும் அழுகிய முட்டைக்கோஸும் கலந்த நாற்றம். அடுப்படிக்கு ஓடினாள். காபியில் அதே நாற்றம். ரொட்டியில் அதே. தூங்கிக்கொண்டிருந்த பெனுவாவின் தலைமுடியில் முகத்தை வைத்தாள். வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடினாள்.

போனில் மருத்துவர் சொன்னார்: "அறுந்த நரம்பு மறுபடி வளரும்போது சில சமயம் தப்பான எடத்துல போய் ஒட்டிக்கும், மதாம். வளருதுங்கறது நல்ல விஷயந்தான். சரியா வருமா, இப்படியே நின்னுடுமான்னு என்னால சொல்ல முடியாது."

அந்த வாரம்தான் இலையுதிர் காலத்துச் செசோனைப் புட்டியில் அடைக்க வேண்டும். கையிலிருந்த கடைசி பார்லியில் காய்ச்சியது. ஒடில் ஒரு கிளாஸ் பிடித்தாள். வைக்கோல் நிறம், மேலே கட்டியான வெள்ளை நுரை. மூக்கருகே கொண்டுபோனதும் குமட்டியது. சாக்கடை. எரிந்த ரப்பர். வாயில் வைத்ததும் உடம்பே உதறியது. இத்தனை மாதம் ஒன்றும் சொல்லாத மூக்கு இப்போது கத்திச் சொல்கிறது: கொட்டு, கொட்டிவிடு, மறுபடியும் ஊருக்கு முன்னால் போய் நிற்காதே.

அவள் கை அடிக்குழாயின் திருகில் இருந்தது.

"என்ன பண்ற?" ஃபிர்மேன் வாசலில் நின்றான். பின்னால் பெனுவா.

"இது நாறுது, ஃபிர்மேன். எனக்கு மணக்குது இப்ப. நாறுது."

ஃபிர்மேன் அவள் கையிலிருந்து கிளாஸை வாங்கி மோந்தான். அவசரப்படாமல் ஒரு வாய் குடித்தான். இன்னொரு வாய். கிளாஸைப் பெனுவாவிடம் கொடுத்தான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"இது மே மாசப் பியரவிட நல்லது" என்றான் ஃபிர்மேன். "நீ நல்லா இருந்தப்ப காய்ச்சினதுக்குப் பக்கத்துல வராது. காரம் போதல. ஆனா நாத்தம் இல்ல. காஞ்ச புல்லு, எலுமிச்சை. குடிக்கலாம்."

"உனக்குப் பாதிக் கொட்டகை கெடச்சாச்சு. இனிமே நீ எதுக்குப் பொய் சொல்லப் போற" என்றாள் அவள், தனக்குத்தானே கணக்குப் பார்க்கிறவள் போல. பிறகு பெனுவா பக்கம் திரும்பினாள். "நீ?"

பெனுவா ஒரு வாய் குடித்தான். "காரம் கொஞ்சம் கம்மிதான்" என்றான். "கசப்பு கடைசியில தனியா நிக்குது. வேற குறை எனக்குத் தெரியல. இருந்தா சொல்லியிருப்பேன்."

கொட்டகை முழுக்க எரிந்த டயர் நாற்றம். அவள் மூக்கு பொய் சொல்கிறது, அல்லது எதிரே நிற்கிற இரண்டு பேரும் சொல்கிறார்கள். இரண்டில் ஒன்றை நம்பியாக வேண்டும். திருகிலிருந்து கையை எடுத்தாள். விரல்கள் ஒவ்வொன்றாகத்தான் பிரிந்தன. மேசைமீது கிடந்த குழாயை எடுத்துத் தொட்டியில் மாட்டினாள். முதல் புட்டியை அடியில் பிடித்தாள். நுரை ஏறியது. குமட்டல் தொண்டை வரைக்கும் வந்தது. கண்ணை இறுக்கி மூடி மூச்சை அடக்கிக்கொண்டு, நிரம்பியதும் நகர்த்தி, அடுத்ததைப் பிடித்தாள். பெனுவா வாங்கி மூடி போட்டான்.

பத்தோ பன்னிரண்டோ ஆனபோது ஃபிர்மேன் சுவருக்கு அந்தப் பக்கம் கன்றுகளைப் பார்க்கக் கிளம்பியவன் நின்றான்.

"நடுவுல மூச்ச விடு, புள்ள" என்றான். "செத்துகித்துப் போயிடாத. நாளைக்கும் நெறைய இருக்கு."

அவள் வாயால் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு அடுத்த புட்டியைப் பிடித்தாள்.